அப்பாவின் பதினெட்டுச் சுற்று

அரூரில் நாங்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஒரு சிவன் கோயில். அதன் திருச்சுற்றை அந்திதோறும் பதினெட்டு முறை வலம் வருவதென்று, அம்மா மறைந்த ஆண்டில் அப்பா நேர்ந்துகொண்டார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. பேரன்மார் பெயர் போயிற்று, உண்டது மறந்தது, பதிகங்கள் மட்டும் அடி பிசகாமல் வந்தன. எண்ணிக்கை மனத்தில் நிற்காததால் நான் உடன் நடந்தேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும், "எத்தினிப்பா ஆச்சு?" என்பார். சொல்வேன். வீடு திரும்பிக் களி உண்டு படுத்தால் விடியும்வரை நல்ல உறக்கம்.

எனக்குத் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. அரிசிப் பங்கீட்டுத் தாள்கள் வீடுவரை தொடர்ந்து வரும். அந்த அவசரத்தில் ஒருநாள் ஏழாம் சுற்றிலேயே, "பதினெட்டும் ஆயிடுச்சுங்கப்பா" என்றேன். ஐயமின்றிக் கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கினார்.

வாசலில் பூ விற்ற அம்மாள் விடவில்லை. "என்னங்க பெரியவரே, நான் ஒரு மொழம் கட்டறதுக்குள்ள கெளம்பிட்டீங்க. சாமி வெரட்டிட்டாருங்களா?"

"என் காலு இன்னும் எளங்காலும்மா" என்று அப்பா சிரித்தார். நான் அவர் கையைப் பற்றி விரைவாக அழைத்து வந்தேன்.

நானும் பதிகம் ஓதி வளர்ந்தவன், அறியாமல் செய்ததன்று. அவர் நம்பியது எனக்கு வசதியாயிற்று. ஏழு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. மெல்ல உறக்கம் அவரை விட்டு நீங்கியது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துத் துவண்டு கிடப்பார். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாமல் கண்ணீர் வடிப்பார். ஓதுவதும் நின்றுபோயிற்று.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். "நடை உண்டுங்களா?"

"தெனம் பதினெட்டு சுத்துங்க. ஒருநாளும் கொறைச்சதில்ல" என்றார் அப்பா.

வைத்தியர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். "அப்ப நடையில கொறையில்லைங்க" என்று தைலமும் சூரணமும் கொடுத்துப் போனார். சந்நிதியில் சொன்ன பொய்களினும் அந்தத் தலையசைப்பே என்னை இன்றும் சுடுகிறது.

மறுநாள், பதினெட்டும் நடத்தியே தீர்வதென்று அழைத்துப் போனேன். மாதக்கணக்கில் நடை குறைந்த கால்கள். நான்காம் சுற்றில் தள்ளாடினார். ஐந்தாம் சுற்றின் முடிவில் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினிப்பா ஆச்சு?"

"அஞ்சுங்கப்பா." அன்று பொய் சொல்ல நா எழவில்லை.

தரையில் கையூன்றி எழப் பார்த்தார், இயலவில்லை. கருவறை இருந்த திக்கில் கை குவித்து, "இன்னிக்கு ஒரு நாளு கொறைஞ்சு போச்சு, பொறுத்துக்க சாமி" என்றார்.

நான் அவர் தோளைத் தாங்கித் தூக்கி நிறுத்தினேன்.