பாலத்திலிருந்து மூன்றாவது செடி

கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, கட்டடப் பிளான் போடும் ஓர் ஆபீசைக் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் காப்பி, பால் விடாத தே ஓ என்று தண்ணி கலக்கிக் கொடுப்பது என் வேலை. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆபீஸ் நடு மேசையில் ஒரு மாடல் வைத்தார்கள். அட்டையிலும் மெல்லிய பலகையிலும் செய்த குட்டி மியூசியம். தோட்டத்து ஜனங்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டுவதற்காம். செமினிப் பக்கம் கட்டப் போகிறார்கள். வரைந்தது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பொண்ணு. அவள் மட்டும் என்னை அம்மா என்பாள். மற்றவர்களுக்கு நான் ஆன்டி.

"பாருங்கம்மா, மேட்ட வெட்டல. சரிவு எப்படி இறங்குதோ கட்டடமும் அப்படியே இறங்குது. ஆத்தையும் திருப்பல. அங்க என்ன இருக்கோ அதுக்குத் தக்க நாமதான் வளைஞ்சு கொடுக்கணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. புல்டோசர் வைத்து மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிய பிறகு வீடு கட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பிளான் வரைகிற தம்பி, நம்ம ஊர்ப் பையன், கேலி பண்ணிக்கொண்டே இருப்பான். "ஆன்டி, நீங்க தோட்டத்து ஆளுதானே? உங்களையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சிடலாம் லா. தே ஓ கலக்கறத எல்லாரும் டிக்கெட் எடுத்து வந்து பாக்கட்டும்."

"டிக்கெட்டுல பாதி எனக்குக் குடு," என்றேன். மியூசியம் எழும்பப் போகிற தோட்டத்தின் பெயரை அவன் சொன்னதும் என் சிரிப்பு நின்றுபோனது. நான் கல்யாணம் கட்டிப் போன தோட்டம் அது.

மாடலைக் குனிந்து பார்த்தேன். ஆறு இரண்டு தடவை வளைந்தது. பழைய மரப்பாலம் இருந்த இடத்தில் ஒரு குச்சி. அதிலிருந்து கரையோரமாக ஒன்பது பச்சைப் பஞ்சுத் துண்டுகள், நடுவில் சின்னச் சின்ன நாற்காலிகள்.

"அது காப்பிக் கடைம்மா. அங்க நந்தியாவட்டை தானா முளைச்சு நிக்குது. எவ்வளவு அழகா, வரிசையா! ஒண்ணைக்கூட வெட்டாம நடுவுல நாற்காலி போடறோம்."

தானாக முளைத்தது எங்கேயாவது வரிசையாக நிற்குமா?

பெரியவர்களை நாங்கள் எரிப்போம். பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்போம். கல் நடுவதில்லை, ஒரு நந்தியாவட்டைக் கொம்பை ஊன்றிவிட்டு வருவோம். பொம்பளைகள் போகக்கூடாது. என் முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "பாலத்துலேர்ந்து மூணாவது," என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அதைப் பற்றி நாங்கள் பேசினதில்லை. தோட்டத்தை விற்றபோது, பெரியவர்களின் சுடுகாட்டை எடுக்கப் போவதாகக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. இந்தப் பிள்ளைகளை யார் கணக்கில் வைத்தார்கள்?

இதை அந்தப் பொண்ணிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவள் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். தூசி தட்டும்போது அந்தக் காப்பிக் கடை நாற்காலிகளை மட்டும் தொடமாட்டேன். இவ்வளவு பெரிய வேலையை ஒரு கூட்டுகிறவள் சொல்லி நிறுத்துவார்களா, எந்தச் சாட்சியைக் காட்டுவேன் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் சைட்டுக்குப் போய்விட்டு வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "அம்மா, உங்க சாமிக்கு." வெள்ளை வெளேரென்று பூ. தண்ணி கலக்குகிற இடத்தில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு வைத்துக் கும்பிட்டேன். அப்புறம்தான், "எங்கேம்மா வாங்கின?" என்று கேட்டேன்.

"வாங்கலைம்மா. நம்ம ஆத்தங்கரைச் செடியில பறிச்சேன்."

அந்தச் செடிப் பூவை நாங்கள் யாரும் பறிக்கமாட்டோம். சாமிக்கு வைக்கவே மாட்டோம். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றிரண்டு கீழே விழுந்தன.

"ஏம்மா எடுக்கறீங்க? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"நீ பண்ணல. அதுக்கு அடியில பிள்ளைங்க இருக்கு. ஒண்ணு என்னோடது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து பாஸ் ரூமுக்குக் கூட்டிப் போனாள். பாஸ் சீனர், நல்ல மனுஷன். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் என்னையே பார்த்தார். பிறகு மலாயில், "ஏன் முன்னாடியே சொல்லல, ஆன்டி?" என்று கேட்டார். நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

காப்பிக் கடையை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். செடிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் மண்ணையே தொடக்கூடாது என்று எழுதினார்கள். மறுநாள் காலையில் துடைக்கப் போனபோது மாடலில் ஐந்து பஞ்சுதான் இருந்தது.

"மீதி எங்க?" என்று தம்பியிடம் கேட்டேன். அவன் கேலி பண்ணவில்லை. "மண்ணு டெஸ்ட் பண்ற மெஷின் போகணும்னு போன வாரம் பாலத்துப் பக்கத்து நாலையும் கான்ட்ராக்டர் தள்ளிட்டான், ஆன்டி. நேத்து சைட்டுல போய்ப் பாத்தப்பதான் எங்களுக்கே தெரியும்."

பாலத்துப் பக்கத்து நாலு. மூன்றாவது அதில் இருந்தது. போன மாதம் வாய் திறந்திருந்தால் அது நின்றிருக்கும்.

கோடு ஐந்து செடியைத்தான் சுற்றியிருந்தது. மற்ற நாலு இருந்த இடத்தில் மழைத் தண்ணிக்குக் கால்வாய் வெட்டுவதாக நீலத்தில் வரைந்திருந்தார்கள். நானே பாஸ் ரூம் கதவைத் தட்டினேன். இத்தனை வருஷத்தில், கையில் தே ஓ இல்லாமல் அந்தக் கதவைத் தட்டியது அன்றுதான்.

"இன்னும் நாலு ஒட்டணும், பாஸ்."

"அங்க இப்ப ஒண்ணுமே இல்லையே, ஆன்டி. மெஷின் தோண்டினப்பவும் ஒண்ணும் காணலன்னு சொல்றாங்க."

"பதினோரு நாள் பிள்ளை. என்ன மிஞ்சியிருக்கும்?" எனக்குத் தெரிந்த மலாயில் அதைச் சொல்லி முடித்தேன்.

அவர் எழுந்து என்னோடு மேசைக்கு வந்தார். அந்தப் பொண்ணுதான் பஞ்சுப் பெட்டியை எடுத்து வந்தாள். இடத்தை நான் காட்டினேன், அவள் ஒட்டினாள். மூன்றாவதை நானே ஒட்டினேன், பசை விரலில் காய்ந்துபோயிற்று. கோட்டையும் பாலம் வரைக்கும் இழுத்தாள்.

கால்வாயைத் திருப்பினால் மேட்டை வெட்ட வேண்டுமாம். மேட்டைத் தொடாமல் கட்டுவதுதான் இந்த மியூசியத்தின் பெருமை. என்ன செய்யலாம் என்று கேட்டு, பணம் போடுகிறவர்களுக்கு பாஸ் எழுதிப் போட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

காலையில் வந்ததும் வாளியைக்கூட எடுக்காமல் மேசைக்குப் போகிறேன். பாலத்திலிருந்து எண்ணுகிறேன். இன்றைக்கும் ஒன்பது இருந்தது.