பேர் எல்லாம் ஓடி முடியட்டும்

தென்காசியில் புதிதாகக் கட்டிய ஏசி தியேட்டருக்குள் நுழைந்ததும் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை மூக்கில் ஏறியது. நல்ல வாசனைதான். ஆனால் நேந்திரங்காயைத் தேங்காயெண்ணெயில் பொரித்தே முன்னுக்கு வந்த மூக்கு இது, லேசில் மயங்காது. ஐந்தாவதைத் தாண்டாத படிப்பு. குற்றாலத்தில் இன்று எனக்கு மூன்று சிப்ஸ் கடை. கையெழுத்துப் போட மட்டும்தான் கொஞ்சம் நேரமாகும். மற்றதிலெல்லாம் என் வேகத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது.

அப்பேர்ப்பட்ட நான், சீசன் நேரத்தில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஒற்றை ஆளாக ஒரு பறக்கும் வீரன் படத்துக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். காரணம் என் மனைவி செண்பகம்.

மூக்குப்பொடி போட்டுத் தும்மினால் பறக்கிற ஆட்டோக்காரன் கதை அது. முதல் பாகத்தை டிவியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். முடிவில் அவன் வெடிகுண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வானத்தில் மறைந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவன் பிழைத்து வந்துவிட்டான் என்று இரண்டாம் பாகத்துப் போஸ்டரே சொன்னது. அவளுக்குத்தான் நம்பிக்கை இல்லை.

"ஏங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கு. கடைசியில அவனை மறுபடி கொன்னுபோட்டாங்கன்னா எனக்குத் தாங்காது. நீங்க மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். உள்ளதைச் சொல்கிறேன், பாதிப் படம் வெறும் சத்தம். வில்லன் அடிப்பதைவிடப் பேசுவது அதிகம். பழைய நகைச்சுவைக்கே புதுச்சட்டை போட்டிருந்தார்கள். ஆனாலும் பொடி மட்டை மழையில் நனைந்துபோய், அவன் பஸ் ஸ்டாண்டில் நின்று தும்மலுக்காக மூக்கைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்த இடத்தில், நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கடைசியில் எரிகிற ஹெலிகாப்டரை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனான். பெரிய வெளிச்சம். பொடி டப்பா மட்டும் தரையில் வந்து விழுந்தது. திரையில் பேர்கள் ஓட ஆரம்பித்தன, சனம் எழுந்தது. செண்பகத்திடம் என்ன சொல்வேன்? ஸ்டென்ட் வைக்காத என் நெஞ்சே ஒரு பிடி பிடித்தது.

என்னையறியாமல் திரும்பி, மேலே ஆபரேட்டர் ஜன்னலைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

குற்றாலத்தில் முன்பு ஒரு கொட்டகை இருந்தது. கடை போடுவதற்கு முன்னால் அங்கே சோடா ஸ்டால் எடுத்திருந்தேன். அருவியில் குளித்த கூட்டம் அப்படியே படத்துக்கு வரும். உள்ளே ஈரத்துண்டும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. ஆபரேட்டர் மீரான் பாய். கதாநாயகன் செத்துப்போகிற படமென்றால், 'வணக்கம்' போட்ட பிறகு, முன்னால் ஓடிய டூயட் பாட்டு ரீலை எடுத்து மறுபடி ஓட்டுவார். செத்தவன் பூந்தோட்டத்தில் ஆடுவான், விசில் பறக்கும்.

ஒருநாள் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் எழுந்து கத்தினார். "யோவ் பாய், செத்தவன் எப்படிவே ஆடுதான்?"

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அவன் செத்தாத்தான் உமக்கு உறக்கம் வருமாவே? குளிச்சிட்டு சந்தோசமா வந்த சனத்தை இழவு வீட்டுக்காரங்க மாதிரி அனுப்பவா?"

கல்யாணமான புதிதில் செண்பகம் படம் பார்த்துப் பழகியது அந்தக் கொட்டகையில்தான். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். மதுரையில் ஒரு படத்தில் கதாநாயகன் செத்து, விளக்குப் போட்ட பிறகும் இவள் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னும் பாட்டு வரலையே" என்றாள். வாட்ச்மேன் வந்து எழுப்ப வேண்டியதாயிற்று.

இப்போது பார்த்த ஜன்னலில் வெளிச்சம் மட்டும் இருந்தது, முகம் இல்லை. வாசலை நோக்கி நடந்தேன். விளக்குமாற்றோடு வந்த அம்மா மறித்தாள். "பெரியவரே, உக்காருங்க. பேரு ஓடி முடிஞ்சா இன்னும் ஒரு துண்டு இருக்கு."

உட்கார்ந்தேன். கடைசிப் பேரும் போனது. ஒரு பனைமரம். அதன் உச்சியில், கால்சட்டை கிழிந்து, அவன்! ஒரு தும்மல் போட்டான்.

"இருக்காம்லே!" என்று கத்திவிட்டேன். விளக்குமாற்று அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அங்கிருந்தே போன் போட்டேன். "ஏட்டி, ஆள் இருக்கான்."

"சத்தியமா?"

"பனைமரத்துல தொங்குதான். கால்சட்டைக்குத்தான் சேதம்."

மறுமுனையில் அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "அப்ப நாளைக்கே போவோம்."

அந்தக் கொட்டகை இன்று ஒரு லாட்ஜின் கார் நிறுத்துமிடம். ரீல் பெட்டி போயிற்று, மீரான் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். முடிவு எங்கேயோ கம்ப்யூட்டரில் பூட்டி வருகிறது. சனத்தின் முகத்தைப் பார்த்து மாற்றிப்போட மேலே ஆளில்லை.

மறுநாள் இருவரும் போனோம். டப்பா விழுந்தபோது, முடிவு தெரிந்திருந்தும், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேர் ஓட ஆரம்பித்தது. பக்கத்துக்காரர்களுக்கு வழிவிட நான் எழுந்தேன். செண்பகம் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. மீரான் பாய் இன்னும் வீட்டுக்குப் போகல."