எல்லோரும் ஜெயித்த மெனு பரீட்சை

ஒரு வெப்சைட்டின் மெனு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு வேலையா என்று பாறசாலையில் என்னைக் கேட்காத ஆளில்லை. வேலைதான். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி இன்சூரன்ஸ் ஏஜென்டுகளுக்காக வெப்சைட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ஏஜென்டுகளை ஒவ்வொருவராக என் வீட்டு முன்னறையில் லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, இன்னதைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் மெனுவில் எங்கெல்லாம் போகிறார்கள் என்று நான் எழுத வேண்டும். உதவக் கூடாது. நான் தற்காலிகம். இந்த அறிக்கை நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

முதலில் வந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா. இருபது வருஷமாக ஏஜென்ட். எங்கள் பக்கத்தில் அவரிடம் பாலிசி எடுக்காத வீடு குறைவு. பாலிசி எடுத்தவர் இறந்துவிட்டார், அவர் மனைவிக்கு க்ளெய்ம் படிவம் வேண்டும், தேடுங்கள் என்றேன். படிவம் 'சப்போர்ட்' என்பதற்குள், 'மற்றவை' என்பதற்குள் கிடந்தது. அக்கா தேடினார், வியர்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பெரிய மனுஷி ஒருத்தியை அப்படி முழிக்கவிட்டு எனக்குப் பழக்கமில்லை. என் விரல் தானாகத் திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது. 'சிறு தயக்கத்துக்குப் பின் கண்டுபிடித்தார்' என்று எழுதிவைத்தேன்.

அடுத்த நால்வரும் தயங்கவே இல்லை. மேனேஜரிடம் போனில் சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம். ஆனால் கடைசியாக வந்தவர், நான் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே 'மற்றவை'யைத் திறந்தது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சாவைப் போய் 'மற்றவை'யில் யார் தேடுவார்கள்? நான் காட்டிக்கொடுத்தது அக்காவுக்கு மட்டும்தான். நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஒனக்க வீட்டுக்கு வாற நாலு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன் மக்கா," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஒனக்க வேலைக் காரியமாக்கும். நீ தோத்துப்போவப்பிடாதுல்லா?"

"பரீட்சை எனக்கில்லக்கா. மெனுவுக்காக்கும்."

"மெனுவுக்கு என்ன? அது கம்ப்யூட்டர்ல கெடக்கட்டு."

"நாளைக்கு ஒரு வீட்டுல சாவு விழும். அந்தப் பொம்பள ஒங்க முன்னால இருப்பா. அப்பம் வெரல் நீட்ட நான் உண்டா?"

அக்காவிடம் கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை; முதல் கள்ளம் என்னுடையது. அறிக்கையை அப்படியே அனுப்பினால் வேலை கைக்கு வந்துவிடும். அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று மேனேஜரிடம் ஒரு வாரம் கேட்டேன். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்.

மறுவாரம் அக்காவே தனுவச்சபுரத்திலிருந்தும் கள்ளிக்காட்டிலிருந்தும் ஐந்து புதிய ஏஜென்டுகளைக் கூட்டிவந்தார். "நான் வாயத் தெறக்கல்ல ஆக்கும்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, உள்ளே வர மறுத்து, கார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். புதியவர்களில் மூத்தவர் 'ஃபார்ம்ஸ்' என்பதைத் திறந்தார், மூடினார், மறுபடி அதையே திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அசையவில்லை.

"எனக்குத் தெரியல்ல மக்கா," என்றார் கடைசியில்.

ஒரு ஏஜென்ட் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன். மற்ற நால்வரும் அதே 'ஃபார்ம்ஸி'ல் தேடி, அதே மாதிரி கைவிட்டார்கள்.

அறிக்கையைப் பார்த்ததும் மேனேஜர் போனில் மலையாளத்தில் சத்தம் போட்டார். போன வாரம் ஐந்து பேரும் கண்டுபிடித்தார்கள், இந்த வாரம் ஒருவர்கூட இல்லையா என்றார். போன வாரமும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, முதல் ஆளுக்கு நான் காட்டிக்கொடுத்தேன், அவர் மற்றவர்களுக்குச் சொன்னார் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். போகட்டும், அந்தப் படிவத்தை இடம் மாற்றவைக்காமல் போனை வைப்பதில்லை என்று இருந்தேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இவர்கள் எல்லோரும் எங்கே தேடினார்கள்?"