வேலையை விட நினைத்த விரிவுரையாளர்

பாடம் நடத்தி மிஞ்சிய நேரத்தில் மீட்டிங் இருக்கும் என்று நம்பித்தான் இந்தப் பல்கலைக்கழக வேலையில் சேர்ந்தேன். மீட்டிங்குக்கு மிஞ்சிய நேரத்தில்தான் பாடமே என்பது பிறகு தெரிந்தது. சக விரிவுரையாளர்களே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

யாரும் இல்லாத வகுப்பு

கிள்ளானில் என் வீட்டிலிருந்து ஆன்லைன் வகுப்பு. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள்; ஒரு முகம் கிடையாது. பாலத்தின் பாரத்தைத் தூண்கள் எப்படித் தாங்குகின்றன என்று தொண்டை வறள விளக்கினேன். கேள்வி கேட்டால் பதிலே இல்லை. இந்தப் பிழைப்பு தேவையா என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

"பிரவீன், நீயாவது சொல்லுப்பா" என்று கெஞ்சினேன். மைக் திறந்தது. தாளிக்கும் சத்தத்தோடு அவன் அம்மாவின் குரல்:

"மிஸ், அவன் அப்பவே தூங்கிட்டான். நீங்க நிறுத்தாதீங்க லா, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்!"

உற்சாகப் பயிற்சி

விரிவுரையாளர்கள் சோர்ந்திருக்கிறார்கள் என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. சோர்வைப் போக்க, ஷா ஆலமில் சனிக்கிழமை முழுநாள் பயிற்சி வைத்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சிவா எங்களைக் கைதட்டச் சொன்னார், குதிக்கச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு என்ன கிடைச்சா சந்தோஷமா இருப்பீங்க?" என்றார்.

என் பக்கத்து மேசைக்காரர் குமரேசன் எழுந்தார். "இந்தச் சனிக்கிழமை திரும்பக் கிடைச்சா போதும் boss. மத்தியானம் என் மகளுக்கு நடனப் போட்டி."

சிவா லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

"முதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே? இன்னைக்கு என் மகனுக்குப் பொறந்தநாள்!"

அந்த ஆண்டின் உண்மையான கைதட்டல் அப்போதுதான் எழுந்தது.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாலம்

இருந்தும் சோர்வு போகவில்லை. திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஞாயிறன்று தீபாவளிக்குப் புடவை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போனபோது, தலையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் "மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். தேவி! என் பழைய மாணவி, கடைசி வரிசை.

"வாங்க மிஸ், நான் கட்டின பாலம்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சாலைக்கு மேலே புத்தம் புதிய நடைபாலம்; மறுநாள் திறக்கப் போகிறார்களாம். என் கண் கலங்கிவிட்டது. ஆனால் இவள் ஏதோ ஒரு பாடத்தில் தேறாமல் அழுததும் ஞாபகம் வந்து, காலை எடுத்து வைக்கத் தயங்கினேன். தேவி கண்டுபிடித்துவிட்டாள்.

"பயப்படாம நடங்க மிஸ், நான் ஃபெயிலானது வேற சப்ஜெக்ட்ல!"

திங்கட்கிழமை வேலையை விடப் போன நான், அடுத்த செமஸ்டருக்கு இன்னொரு வகுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நம்மைப் போன்றவர்களுக்குப் புத்தி அவ்வளவுதான்.