இடுப்பில் கட்டிய ட்யூப்

பஞ்சர் கடைக்காரர் என் ஸ்கூட்டர் ட்யூபை இழுத்தார். ரப்பர் வாடை வந்ததும் என் கை தானாக இடுப்புக்குப் போனது.

விளையாட்டில் ஜெயித்தால் பரீட்சையில் கூடுதல் மார்க் உண்டு என்று பத்தாம் வகுப்பில் நான் பேஸ்பால் ஆடினேன். வேகம் போதாது என்று அப்பா நாலு சைக்கிள் ட்யூபை அறுத்து முடிந்து என் இடுப்பில் கட்டுவார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கரமனைத் தெருவில் தினமும் காலையில் ஓடவிடுவார். பத்தாவது எட்டில் ட்யூப் விறைத்துப் பின்னுக்கு இழுக்கும்.

"நிக்காதே, இழுத்துண்டு ஓடு! கிரேஸ் மார்க் வேண்டாமாடீ?"

போட்டியன்று ட்யூப் இல்லை. பந்தை அடித்துவிட்டு, அது திரும்பி வருமுன் தொட்டாக வேண்டிய முதல் பேஸுக்குப் பறந்தேன். பத்தாவது எட்டில், பழகிப்போன இழுப்பை எதிர்பார்த்துக் கால் தயங்கியது. அவுட்.

வேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்தினார். "யாருடீ உன்னைப் பிடிச்சா?"

"வண்டி ரெடியாயி, சேச்சி," என்றார் கடைக்காரர் மலையாளத்தில். என் விரல்கள் இடுப்பில் இன்னும் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தன.