போகாமல் கிடந்த மெயில்

எங்கள் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் சுதாராணி வாய் திறந்து பேசுவதே அபூர்வம். டெஸ்பாட்ச் கிளார்க்கான எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் நான் கத்துவதோடு சரி, அவள் காரியத்தில் இறங்கிவிடுவாள்.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மானாவாரி நிலம் மூன்று வருஷமாய்க் கைவிட்டுவிட்டது. அப்பா இடுப்பு ஒடிந்து கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

2006 அது. ஆபீஸ் மெயிலெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் சேரும். நாளுக்கு மூன்று தடவை அது போன் லைனில் கிர்ரென்று கத்தி அனுப்பும். அந்த நேரம் யாருக்கும் போன் கிடையாது. பெரிய மெயில் என்றால் பாதியில் லைன் அறுந்து தொலையும். அப்படி இரண்டு மாசமாய் ஒன்று போகாமல் கிடந்தது. சென்னை முதலாளிக்கு சுதாராணி எழுதியது. குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகையின் பின்கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் முப்பது பெண்களுக்கு வெளியேற வழியில்லை என்று, நாலு போட்டோவோடு. அதற்குள் மேனேஜர் மாரிச்சாமியே பூட்டை எடுத்துவிட்டார். போகாத மெயில்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிராட்பேண்டுக்கு மாற்றக் கம்ப்யூட்டர் கடைப் பையன் ஸ்டெபின் வந்தான்.

"மாட்டியாச்சுக்கா. தேங்கிக் கிடக்கதெல்லாம் பத்து நிமிஷத்துல போயிரும். போடவா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பொறு ஸ்டெபின்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த மெயிலைத் தேடினாள். மேனேஜர் வேறு பின்னால் வந்து நின்றார். நல்லவேளை, கண்ணாடியை மேசையில் விட்டிருந்தார். அழித்துத் தொலையேன் பிள்ளை என்று மனசுக்குள்ளேயே கத்தினேன்.

அந்நேரம் பார்த்து, கொட்டகையில் வேலை பார்க்கும் வேலுத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பின்கதவை மறுபடியும் பூட்டிட்டாவ. சாவியக் குடுங்க."

"மெழுகு களவு போகுதுல்லா? பூட்டித்தான் கிடக்கும். போ" என்றார் மேனேஜர்.

சுதாராணி திரும்பினாள். "குடுத்திருங்க அண்ணாச்சி."

"ஒன் வேலைய நீ பாரு."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"போடு ஸ்டெபின்."

ஒவ்வொன்றாய்ப் போயின. நாலு போட்டோவும் போய்விட்டது. "அடேயப்பா, என்னா வேகம்!" என்று மேனேஜர் கைதட்டினார், பாவி மனுஷன்.

மத்தியானம் மெயில் வந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எங்கள் ஆபீசில் அது முதல் தடவை. சுதாராணிதான் எடுத்தாள். கேட்டுவிட்டு ரிசீவரை மேனேஜரிடம் நீட்டினாள்.

"முதலாளி பேசுதாவ. சாவி யார்ட்ட இருக்குன்னு கேக்காவ."