கேப்டனை அதட்டத் தெரிந்தவர் தேவை

போன மாதம் ஒரு காலை, ஐயம்பேட்டை போக ஷேர் ஆட்டோ ஏறினேன். ஓட்டுபவர் ஜெபராஜ், எங்கள் தெருக்காரர். அவர் பக்கத்தில், முன்சீட்டில், மகள் எஸ்தர். பின்னால் நானும், மடியில் பட்டுப் புடவைப் பையோடு ஓர் அம்மாவும்.

வண்டி கிளம்பியதும் ஜெபராஜ் சொன்னார்: “ம்... என்னைத் திட்டுமா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா... ஸ்பீடு... கொஞ்சம்...” என்றாள்.

“எனக்கே கேக்கல. கேப்டனுக்கு எப்படிம்மா கேக்கும்?”

எஸ்தர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரசு உதவித்தொகையில் படித்து, விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவள். லைசென்ஸ் கையில் இருந்தால் மறுநாளே யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையாது! சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடுகிற கம்பெனியில்கூட எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, நேர்முகம் எல்லாம் உண்டு. கடைசியில் சிமுலேட்டர். அசல் காக்பிட் மாதிரியே ஒரு பெட்டி. ஆடும், குலுங்கும், ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது. அதில் தேறினால்தான் வேலை. அதன் பிறகும் அந்த ரக விமானத்துக்கென்று பல மாதப் பயிற்சி. பயணிகளோடு பறக்க ஆரம்பித்தாலும், கொஞ்ச காலம் பக்கத்தில் ஒரு பயிற்சி கேப்டன் உட்கார்ந்திருப்பாராம்.

எஸ்தர் இரண்டு கம்பெனிகளில் சிமுலேட்டர் வரை போய்த் திரும்பியிருந்தாள். ஓட்டத் தெரியாமலா? நன்றாகவே ஓட்டினாள். பக்கத்தில் கேப்டனாக உட்கார்ந்தவர் தப்புச் செய்தபோதுதான், பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாள்.

“ஏம்மா?” என்று கேட்டேன்.

“அவரு வயசுல பெரியவரு, அங்கிள்...”

“பெரியவங்கள எதுத்துப் பேசாதன்னு வளத்தது நான்தான் சார்,” என்றார் ஜெபராஜ். “இப்ப பேசுனாத்தான் வேலைன்றாங்க. அடுத்த வாரம் மூணாவது கம்பெனில டெஸ்ட். ஒரு வாரமா என்னைத் திட்டச் சொல்லிக்கினு இருக்கேன். வாயே தொறக்க மாட்டேங்குது.”

காக்பிட்டில் கேப்டன் தப்புச் செய்தால், விதி எளிதுதான். முதல் முறை, தப்பைச் சொல்ல வேண்டும். கேட்கவில்லையா? இரண்டாம் முறை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால், ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்று சொல்லிவிட்டு விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புடவைப் பை அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. “மாடு வருதுப்பா! லெஃப்ட்ல மாடு!” என்று முழங்கினார்.

“பாத்தியாம்மா... அவங்க பாஸ்!” என்றார் ஜெபராஜ்.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, மறு கையால் எடுத்துக் காதில் வைத்துவிட்டார். எதிரே ஒரு பஸ்.

“அப்பா, ஓட்டும்போது போன் வேணாம்பா.”

“இரும்மா... ஹலோ? ஆமாங்க, எஸ்தர் அப்பாதான்...”

“அப்பா, போன வைப்பா!”

“இருன்றேன்ல!”

“ஐ ஹேவ் கண்ட்ரோல்!”

அந்தச் சத்தம் எஸ்தருடையதுதான் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. போனைப் பிடுங்கி கட் செய்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி உருண்டு, ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்துபோனது.

ஜெபராஜ் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ... ஏர்லைன்ஸ்காரங்கமா அது! நீ போன் எடுக்கலன்னு எனக்குப் போட்டிருக்காங்க!”

எஸ்தருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் சொன்னாள்: “யாரா இருந்தா இன்னாப்பா? ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசணும்.”

அந்த நம்பருக்கே திரும்பப் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: “கால் ஏன் கட் ஆச்சு?”

சிக்னல் இல்லை என்று சொல்லும்படி நான் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அப்பா வண்டி ஓட்டிட்டு இருந்தார், மேடம். ஆபத்துன்னு நான்தான் கட் பண்ணேன்.”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“நல்லது. உங்க சிமுலேட்டர் டெஸ்ட் இந்த வியாழக்கிழமைக்கு மாறியிருக்கு. வந்துடுங்க.”

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. நம் ஆபீஸ்களில் இந்தப் பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவோம்? மேனேஜர் பள்ளத்தை நோக்கிப் போவது எல்லோருக்கும் தெரிகிறது. ‘சார் பாத்துப்பார்’ என்று ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். நல்லவேளை... ஆபீஸ்கள் ஏற்கெனவே தரையில்தான் இருக்கின்றன.

எஸ்தர் தேர்வாகிவிட்டாள். சேதி வந்த அன்று ஜெபராஜ் வீட்டில் கேசரியோடு உட்கார்ந்து கதை கேட்டேன். நரைத்த மீசையோடு ஒரு சீனியர் கேப்டன். சிமுலேட்டரில் ரன்வே தெரியாத பனிமூட்டம். மேலே ஏறியாக வேண்டும். அவரோ, வேண்டுமென்றே இறக்கிக்கொண்டே போயிருக்கிறார். எஸ்தர் ஒரு முறை சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். அப்புறம் கண்ட்ரோலைப் பிடுங்கிவிட்டாள்.

“நெஜமாவே அவ்ளோ பெரிய கேப்டனை அதட்டுனியாம்மா?” ஜெபராஜுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

“ஆமாப்பா. வெளிய வந்ததும் ஸாரி சொல்லிட்டேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“அந்த ஸாரிக்குத்தான் ஒரு மார்க் கொறைச்சாராம்!”